நூறு சதவீதத்துக்குக் கீழே ஒரு செல்ஃபி

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். நானே சொல்லிச் சிரித்து, இப்போது தெருவுக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவன், அரசுப் பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று கட்டிய ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்று, நானே பரீட்சை எழுதித் தேறியதுபோல் பல்லைக் காட்டி செல்ஃபி எடுத்து, தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். என் மகன் அங்கே ஏழாவது படிக்கிறான். நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். ஃபிளெக்ஸ் கட்ட ஏணி பிடித்ததும் நான்தான்.

அந்த ஃபிளெக்ஸின் சாயம் வெளுப்பதற்குள், திருநின்றவூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணாத்தே என்பார். யார் மூத்தவர் என்பது தீராத வழக்கு.

"அண்ணாத்தே, பொண்ணுக்கு டீசி வாங்கிக்கச் சொல்றாங்கோ. இன்னான்னு வந்து கேளு."

பெண் அப்போதுதான் பத்தாவதுக்குப் போயிருந்தாள். முதல் தேர்விலேயே கணக்கில் ஃபெயில். மறுநாள் அக்கா அரை நாள் லீவு போட்டார். மூவரும் தலைமை ஆசிரியை முன் நின்றோம்.

"தனித்தேர்வரா எழுதட்டுமே சார். ஸ்கூல் பேர்ல எழுதினா நூறு போயிடும்," என்றார் அவர்.

"கணக்கு வராதுன்னு அதுக்குள்ள முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?" என்றேன்.

பெண் முந்திக்கொண்டாள். "போன வருஷம் பாதியிலேர்ந்து கணக்கு மிஸ்ஸே இல்ல மாமா. வெளையாட்டு சார் வந்து சும்மா குந்தச் சொல்வாரு."

தலைமை ஆசிரியை மின்விசிறியைப் பார்த்தார். "மாறுதல்ல போனவங்க இடத்துக்கு ஆள் போடல. நானும் மேல எழுதிக்கிட்டேதான் இருக்கேன். கல்வி அதிகாரிங்க மீட்டிங்ல சதவீதம் குறைஞ்ச ஹெச்.எம்.மை எழுப்பி நிக்க வைக்கிறாங்க சார். ஆள் போடாதவங்கள யாரும் நிக்க வைக்கிறதில்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வகுப்புக்கு ஆசிரியர் இல்லாதது யார் குற்றமும் இல்லையாம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தது மட்டும் இந்தப் பெண்ணின் குற்றமாம். நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரியில் சாவே கிடையாது என்று போர்டு மாட்டுகிற வேலை இது. என் காலத்தில் இப்படி நடந்திருந்தால் முதல் டீசி எனக்குத்தான். நானும் ஒரு பள்ளியின் சதவீதத்தைக் கெடுத்தவன்தான். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, மூன்றாம் முறை தேறினேன். போன வருஷ நூறுக்காக யார் யாரை வீட்டுக்கு அனுப்பினார்கள்? ஏணி பிடித்த பெரிய மனிதன் கேட்கவே இல்லை.

இதையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், ஃபெயிலானா?" என்றார் தலைமை ஆசிரியை.

பதில் அக்காவிடமிருந்து வந்தது. மேஜைமேல் இருந்த டீசி விண்ணப்பத்தை ஒரு விரலால் தள்ளினார். "ஆனா ஆவட்டும் மேடம். இந்த இஸ்கூல்லயே ஆவட்டும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தலைமை ஆசிரியை விண்ணப்பத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். "கிளாஸுக்குப் போம்மா."

கோபம் அடங்காமல் வெளியே வந்தேன். தலைக்கு மேலே அதே ஃபிளெக்ஸ். வகுப்புக்குப் போகத் திரும்பிய பெண்ணைக் கூப்பிட்டு, வீராவேசமாகச் சொன்னேன்: "கவலப்படாத கண்ணு. ஆள் போடறவரைக்கும் சாயங்காலம் சாயங்காலம் நானே உனக்குக் கணக்கு சொல்லித் தரேன்."

அவள் ஃபிளெக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாணாம் மாமா, அப்பால நெஜமாவே நூறு பூடும்."