ஜெயிக்காமல் ஆடுவது எப்படி

கூடைப்பந்தைப் பற்றி என்னிடம் இதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் கூடினால் வாய் திறக்காதவள். இவளுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கோர்ட்டில் கோடைதோறும் நடந்த போட்டிகளில் நான் பார்க்காத ஆட்டம் கிடையாது. பேசாமல் இருப்பவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும்.

அந்தக் கோர்ட்டை எப்போதோ இருந்த ஒரு வெளிநாட்டுச் சாமியார் கட்டிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். ஊரிலேயே பெரிய சிமெண்ட் தரை அதுதான் என்பதால் வருஷத்தில் பாதி நாள் அதில் நெல்தான் காய்ந்தது. மே மாதம் திருவிழாவை ஒட்டிப் போட்டி வைக்கும்போது மட்டும் நெல்லை வாரிவிட்டுச் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். எப்படிப் பெருக்கினாலும் நாலு நெல் கிடக்கும். மெட்ராஸிலிருந்து வந்த பெரிய ஆட்டக்காரர்கள் பலர் எங்கள் ஊர் நெல்லில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி, அதற்குத் தனிக் கோடு உண்டு என்று எண்பதுகளின் நடுவில் கேள்விப்பட்டோம். அந்தக் கோடு எங்கள் கோர்ட்டுக்கு வரவில்லை. சுண்ணாம்பு போதவில்லை என்றார்கள்.

போட்டிக்குக் கல்லூரி டீம்களும் வரும், கம்பெனி டீம்களும் வரும். இரண்டைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு.

கல்லூரிப் பையன்கள் அழகாக ஓடுவார்கள். எதற்காக ஓடுகிறார்கள் என்பதுதான் தெரியாது. கைக்குட்டையைக் கிழித்து நெற்றியில் கட்டிக்கொள்வார்கள். கூடையில் பந்து விழுந்ததும் முதலில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பார்ப்பார்கள், அதற்குள் எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு போயிருப்பான். பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைக் கொடுப்பதென்றால் பரீட்சை அன்றைக்குப் பேனாவைக் கடன் கொடுப்பதுபோலத் தயங்குவார்கள். ஆனால் ஒன்று, தோற்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகும் சிமெண்ட் தரையில் விழுந்து பந்தைப் பிடிப்பார்கள். முட்டி பெயர்ந்துவிடும். அதற்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவேன்.

கம்பெனிக்காரர்களுக்கு ஆட்டமே டியூட்டி. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். சொந்தமாகத் தண்ணீர், சொந்தமாகத் துண்டு, முட்டியில் கட்டு, சிலருக்குக் கொஞ்சம் தொப்பையும். அவர்கள் ஓடமாட்டார்கள், பந்துதான் ஓடும். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று கைமாறி, யாருமே எதுவும் செய்யாததுபோல இருக்கும்போது கூடைக்குள் விழுந்திருக்கும். பார்க்க அருமையாக இருக்கும், அவர்கள் மனசு வைத்தால். மனசு வைப்பது ஆபீசர் வரும்போதுதான். அவர்களுடைய விளையாட்டு ஆபீசர் டீ குடிக்க எழுந்து போனால் ஆட்டமும் உட்கார்ந்துவிடும். திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தால் அத்தனை பேரும் எதுவோ ஞாபகம் வந்ததுபோல ஓடத் தொடங்குவார்கள்.

இப்படிச் சொல்கிறேனே தவிர, ஊரில் எல்லோருக்கும் அந்த நாற்காலிமேல்தான் கண். அதில் உட்காருகிறவர் கையை நீட்டி ஒரு பையனைக் காட்டினால் அவனுக்கு வேலை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மானாவாரியும் ஏரித்தண்ணீரும்தான் தொழிற்சாலை. இப்போது கம்பெனிகளாக நிறைந்து கிடக்கும் ஒரகடம் அன்றைக்கு பஸ் நிற்கிற இடம், அவ்வளவுதான். கம்பெனி வேலை வேண்டுமென்றால் மெட்ராஸ் பக்கம் போக வேண்டும், போனால் யாராவது தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு யாரையும் தெரியாது. பந்தைத்தான் தெரியும்.

என் அண்ணன் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் கடைசி வருஷம். கல்லூரி டீமில் அவனைவிட்டால் ஆளில்லை என்று பெயர். விடுமுறை நாட்களில் சாயங்காலம் தனியாகக் கோர்ட்டில் நின்று போட்டுக்கொண்டிருப்பான். பந்து பொறுக்கிக் கொடுப்பது நான். அதனால் அவன் கையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவனுடைய கோச்சுக்கே தெரியாது. குறிப்பாக ஃப்ரீ த்ரோ, அதாவது எதிராளி அடித்து ஃபவுல் செய்தால், அடி வாங்கியவன் யாரும் குறுக்கே வராமல் கோட்டில் தனியாக நின்று போடுவது. அதில் அவன் தவறவிடுவது அபூர்வம். தவறினாலும் பந்து வளையத்தின் முன் விளிம்பில் பட்டு அவனிடமே திரும்பி வரும். பக்கவாட்டில் போனதே இல்லை. போயிருந்தால் பொறுக்க ஓடியவள் நான், எனக்குத் தெரியாதா.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு அண்ணனுடைய கல்லூரியும் ஒரு பெரிய கம்பெனி டீமும் வந்து சேர்ந்தன. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு மட்டுமில்லை, ஊருக்கே ஒரு சித்தாந்தம் இருந்தது. முந்தின வருஷம் அதே ஆபீசர், தன் டீமிடம் தோற்ற பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை வேலைக்கு எடுத்தார். அதற்கு முந்தின வருஷம் அவர் டீமைத் தனியாளாகத் தோற்கடித்தவனை எடுக்கவில்லை. ஆகவே, நன்றாக ஆட வேண்டும், ஆனால் ஜெயிக்கக்கூடாது. ஜெயித்தவன் பரீட்சையில் ஃபெயிலாகிச் சர்டிபிகேட் இல்லாமல் இருந்தான் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல சித்தாந்தத்தை இப்படிச் சின்ன விஷயத்துக்காகக் கெடுப்பார்களா.

ஆட்டத்தன்று காலை இட்லியை வைத்துக்கொண்டு அப்பா அண்ணனுக்குப் பாடம் நடத்தினார்.

"நீ பாட்டுக்குப் பாயிண்ட் போட்டுக்கினே இரு. ஒன்ன ஆரு வேணாம்னாங்க? ஆனா கடசீல அவங்க ஒண்ணு ரெண்டு மேல இருக்கணும். அந்த ஆபீசர் நாளிக்கு ஆபீசுக்குப் போயி மூஞ்சியக் காட்ட வேணாமா?"

"அப்பறம் எங்க டீம்ல நாலு பேரு கீறாங்களே, அவங்க மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்றான் அண்ணன்.

"அவங்களுக்கு அவங்கப்பன் கீறான்."

அண்ணன் இன்னும் இரண்டு இட்லி போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் கோயில் மதிலோரம் போட்டிருந்த பள்ளிக்கூட பெஞ்சில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். அப்பா எதிர்ப்பக்கம், ஆபீசர் நாற்காலிக்குப் பின்னால், கையில் ஜெபமாலையோடு நின்றார். மகன் நன்றாக ஆடித் தோற்க வேண்டும், அதுவும் குறைந்த வித்தியாசத்தில். இப்படி ஒரு வேண்டுதலை மாதா அதற்குமுன் கேட்டிருக்க மாட்டாள்.

அண்ணன் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது. ஒரு பக்கம் போய்ப் பந்தைப் போடுவான். மறுபக்கம் ஓடிவந்து, தான் மறிக்க வேண்டிய ஆளுக்கு மரியாதையாக வழிவிடுவான். அந்த ஆள் கொஞ்சம் தடித்த, வயதான ஆட்டக்காரர். கல்யாண வீட்டு வாசலில் வரவேற்பதுபோல அண்ணன் கையை விரித்து நிற்க, அவர் பக்கத்தில் நடந்து போய்க் கூடையில் வைத்துவிட்டு வந்தார். முதல் பாதி முடிவதற்குள் அவருக்கே வெட்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கல்லூரி டீமின் கேப்டன் ஒல்லியான பையன். காஞ்சிபுரத்தில் தறி நெய்கிற குடும்பம். இடைவேளையில் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டே அண்ணனிடம் கேட்டான்.

"இன்னா மச்சி, கேட்டத் தொறந்து வுட்டுட்டு வாட்ச்மேன் மாரி நிக்கிற?"

"நெல்லு வழுக்குதுடா."

"அவுரு வரும்போது மட்டுந்தான் வழுக்குதா?"

அண்ணன் முகத்தைக் கழுவிக்கொண்டான். இரண்டாம் பாதியில் கேப்டன் அந்தத் தடித்த ஆளைத் தானே மறிக்கப் போனான். அதுவரை பின்தங்கியிருந்த கல்லூரி டீம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. அப்பாவின் விரல் மணிகளில் வேகமாக நகர்ந்தது.

கடைசி நிமிஷத்தில் கம்பெனிக்கு ஒரு புள்ளி அதிகம். அப்போது யாரோ ஒருவர் அவசரத்தில் அண்ணன் கையில் அடித்துவிட்டார். ஃபவுல். அண்ணனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று போட்டால் சமம், இரண்டும் போட்டால் கோப்பை.

அண்ணன் கோட்டில் நின்று பந்தைத் தரையில் தட்டினான். நாற்காலிப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

முதல் பந்து வளையத்தின் இடது ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் போனது. கூட்டம் உச்சுக்கொட்டியது. பாவம், பையன் பயந்துவிட்டான் என்று பின்னால் ஒரு அம்மாள் சொன்னாள். இரண்டாவதும் அதே இடது ஓரம், அதே பக்கவாட்டு. ஒரு ஆணியில் இரண்டு முறை அடித்ததுபோல.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கேப்டனுக்கு இந்தச் சித்தாந்தமெல்லாம் தெரியாதே. அவன் எங்கிருந்தோ பாய்ந்து அந்தப் பந்தைப் பிடித்து, விழுந்துகொண்டே கூடைமேல் எறிந்தான். பந்து வளையத்தின்மேல் சுற்றியது. ஜெபமாலை நின்றது. அண்ணன் வாயைத் திறந்தபடி பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது உள்ளே போக வேண்டுமென்று பார்த்தானா, வெளியே போக வேண்டுமென்று பார்த்தானா, அவன் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பந்து வெளியே விழுந்தது. விசில் அடித்துவிட்டார்கள்.

ஆபீசர் எழுந்து தன் ஆட்களுக்குக் கைகொடுத்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்பா சாகும்வரை பலபேரிடம் சொல்லியிருக்கிறார், எனக்கு மனப்பாடம்.

"தம்பி நல்லா ஆடறாரு. எங்க, எப்ப, என்ன செய்யணும்னு தெரிஞ்சவரு. எங்களுக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும். சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

கேப்டன் குழாயடியில் உட்கார்ந்து முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தோல் பெயர்ந்து நெல் உமி ஒட்டியிருந்தது. அம்மா கொடுத்த பழந்துணியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஒங்க அண்ணன் ரெண்டு ஃப்ரீ த்ரோ சேந்தாப்ல வுட்டு நான் பாத்ததே இல்லீங்க," என்றான்.

அவன் துணியைக் கட்டிக்கொண்டு கல்லூரி வேனில் ஏறினான். அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவன் வீட்டிலேயே தங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டான். அந்தக் கேப்டனை எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். பந்தை விடமாட்டேன் என்பவனை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்.

வீட்டில் அம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். அண்ணன் கிணற்றடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதன்முறையாக அவனிடம் ஆட்டத்தைப் பற்றி வாய் திறந்தேன்.

"ரெண்டுமே ஏன் எடது பக்கம்?"

நிமிர்ந்து பார்த்தான். மறைக்கவில்லை. என்னிடம் மறைத்துப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"முன்னால வுட்டா என் கைக்கே திரும்பி வந்துடும். அப்பறம் மறுபடியும் போடணும்."

"கஷ்டமா இல்லியா?"

"போடறதுகூட ஈசி. போடற மாரி போட்டு வுடறதுதான் கஷ்டம்." லேசைத் தனித்தனியாக உருவி ஷூவுக்குள் வைத்தான். "வூட்டுல நாலு பேரு கீறோம். நீ ஒண்ணும் சொல்லாத."

சொல்வதற்கு என்ன இருக்கிறது. கம்பெனிக்காரன் எப்படி ஆடுவான் என்று இத்தனை வருஷம் கேலி செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலேயே ஒருவன் கம்பெனிக்காரன் ஆகிவிட்டான், அதுவும் சேருவதற்கு முன்னாலேயே.

அம்மா சர்க்கரைத் தட்டை என் கையில் கொடுத்துத் தெருவில் வீடு வீடாகக் கூட்டிப்போனாள். எல்லா வீட்டிலும் வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டானாமே, எப்படி?

"புள்ளைக்குக் கை நடுங்கிடுச்சி," என்றாள் அம்மா. அவளுக்கு அது உண்மை. அதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்கினாள்.

அதற்கென்ன, வேலை கிடைத்ததே என்று எல்லோரும் தேற்றினார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எங்கள் தெருவில் ஆட்டம் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.