உள்பக்கம் போன இருநூற்றி நாப்பது கிரெடிட்

நீங்கள் உங்கட சேர்ட்டிபிகேட்டுகளை எங்க வச்சிருக்கிறியள்? போன்ல, லாப்டொப்ல எண்டு சொன்னா நல்லம், தப்பிட்டியள். எங்கட வீட்டில எல்லாம் லமினேட் பண்ணி, ஒரு கறுப்பு ஃபைலுக்க, அலுமாரி மேல்தட்டில இருக்கு. என்ர பிறப்புச் சான்றிதழ் லமினேட். நான் இருபத்தஞ்சு மீட்டர் நீந்தினதுக்குத் தந்த சேர்ட்டிபிகேட் லமினேட். வோஷிங் மெஷின் வாரண்டி கூட லமினேட், மெஷின் செத்து நாலு வருசமாச்சு.

எல்லாம் அப்பான்ர வேலை. ஊரில அவர் படிச்ச ரிசல்ட் எல்லாம், இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில மழையில நனைஞ்சு கூழாப் போச்சாம். இந்த நாட்டுக்கு வந்து ஒரு பேப்பரும் இல்லாம ஒவ்வொரு ஒஃபிஸிலயும் நிண்ட மனுசன். அதால கையில கொஞ்சம் காசு சேர்ந்தோடன வாங்கின முதல் சாமான் லமினேட்டிங் மெஷின். டிவி அதுக்குப் பிறகுதான். பஸ் ஓடிப்போட்டு வந்து, சாப்பிட்டிட்டு, மெஷினைச் சூடாக்குவார். என்ன பேப்பர் கையில அம்பிட்டாலும் உள்ள தள்ளுவார்.

சரி, விசயத்துக்கு வாறன். அம்மா நேர்ஸ். இருபது வருசத்துக்கு மேல ஒரே ஆஸ்பத்திரி, கிட்டத்தட்ட ஒரே வோர்ட். அவ படிச்ச காலத்தில டிப்ளோமா போதும். இப்ப எல்லாருக்கும் டிகிரி. ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு நாள் வேலையால வந்து, சப்பாத்தையும் கழட்டாம படியில இருந்து சொன்னா, வோர்ட்டில ஒரு சிஸ்டர் வேலை, அதாவது மற்ற நேர்ஸ்மாருக்குப் பொறுப்பான வேலை, வரப்போகுதாம், மனேஜர் இவவை விண்ணப்பம் போடச் சொல்லுறாவாம், ஆனா டிகிரி வேணுமாம். இல்லாட்டி ஒரு டிகிரிக்குப் பதிஞ்சாவது இருக்க வேணுமாம்.

"நான் பழக்கின பிள்ளையள் இப்ப எனக்கு எண்டைக்கு ஷிப்ட் எண்டு ரோட்டா போடுதுகள்" எண்டா.

கோவமாச் சொல்லேல்லை. பாலுக்கு விலை கூடிட்டுது எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னவ. அதுதான் எனக்குக் குத்தினது.

நான் அண்டைக்கே தேடிப் பாத்திட்டன். டொப்-அப் எண்டு ஒரு கோர்ஸ் இருக்கு, முழுக்க ஒன்லைன். கணக்கு லேசு. டிகிரிக்கு முந்நூற்றறுபது கிரெடிட். அம்மான்ர டிப்ளோமாவுக்கு ஏற்கனவே இருநூற்றி நாப்பது இருக்கு. மிச்சம் நூற்றி இருபதை வீட்டிலயிருந்து ஷிப்டுக்கு நடுவில முடிக்கலாம். சேர என்ன வேணும் எண்டா, நேர்ஸாப் பதிஞ்ச நம்பர், இப்ப வேலை செய்யிற அத்தாட்சி, மனேஜரின்ர கடிதம், பிறகு அந்த இருநூற்றி நாப்பதைக் காட்டுற ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது எந்தப் பாடத்துக்கு எவ்வளவு கிரெடிட், என்ன ரிசல்ட் எண்டு போட்ட தாள். கடைசித் திகதி வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் பாத்தது திங்கள்.

"அம்மா, அரை மணித்தியால வேலை. நான் டிகிரி முடிச்ச ஆள். விடுங்கோ என்னட்ட" எண்டன். அவ்வளவு வாய்.

ஃபைலை இறக்கினன். டிப்ளோமா இருந்தது, பளபளவெண்டு. திருப்பினா மற்றப் பக்கம் ட்ரான்ஸ்கிரிப்ட். அப்பா பிளாஸ்டிக் உறையை மிச்சம் பிடிக்கிறதுக்கு ரெண்டு தாளையும் முதுகோட முதுகு வச்சு ஒரே உறைக்க லமினேட் பண்ணியிருக்கிறார். சரி எண்டு வாசிச்சுக் கொண்டு போனா, முதல் வருசப் பாடங்களோட தாள் முடியுது. அடியில "மறுபக்கம் பார்க்க" எண்டு இங்கிலிஷில போட்டிருக்கு. மறுபக்கம் எங்க? உள்ளுக்க. மொத்தக் கிரெடிட், கல்லூரிச் சீல், மிச்சப் பாடங்கள், எல்லாம் உள்ளுக்க.

ஃபோன் டோர்ச்சைப் பின்னால பிடிச்சுப் பாத்தன். டிப்ளோமா எழுத்தும் பாட எழுத்தும் கலந்து ஒரே இடியப்பம். கல்லூரிக்கு ஃபோன் அடிச்சா, அது இப்ப வேறொரு கல்லூரியோட சேர்ந்திட்டுதாம், பழைய ரெக்கோர்ட் எடுக்க ஆறு கிழமையாகுமாம். யூனிவர்சிட்டிக்கு இமெயில் போட்டன். மரியாதையாப் பதில் வந்தது: ரெண்டு பக்கமும் வேணும்.

"அப்ப வெட்டுவம்" எண்டன்.

அப்பா கதிரையால எழும்பிட்டார். "என்னத்தை வெட்டுறது? ஒட்டின பசை எழுத்தோட சேர்ந்து உரிஞ்சு வரும். பிறகு டிப்ளோமாவும் இல்லை, ஒண்டும் இல்லை. இஞ்சரும், நீர் சொல்லுமன் இவளுக்கு!"

அம்மா என்ர பக்கம் நிப்பா எண்டு நினைச்சன். இல்லை. "விடு பிள்ளை. அடுத்த வருசம் பாப்பம்" எண்டிட்டு மாடிக்கு ஏறிட்டா.

எனக்கு விசர் வந்தது. படியில இருந்து கதைச்ச மனுசி எங்க, இது எங்க?

புதன்கிழமை அம்மாக்கு லீவு. காலமை பத்து மணி. அப்பா கோயிலடிக்குப் போட்டு வாறன் எண்டு வெளிக்கிட்டிட்டார், நடந்தாப் பத்து நிமிசம். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்திட்டு நேராக் கேட்டன். "உங்களுக்கு என்ன பிரச்சினை? பசைக்குப் பயமோ?"

அம்மா கோப்பையைப் பாத்துக்கொண்டு சொன்னா, "உங்கட அப்பா உறை மிச்சம் பிடிக்கேல்லை. நான்தான் அந்தப் பக்கத்தை உள்ளுக்க வைக்கச் சொன்னனான்."

"ஏன்?"

"அதில ஒரு பாடம் ரெண்டாந்தரம் எழுதிப் பாஸ் எண்டு கிடக்கு."

எனக்கு முதல் விளங்கேல்லை. பிறகுதான் யோசிச்சன். எங்கட வீட்டுக்கு ஆர் வந்தாலும் தேத்தண்ணியோட ஃபைலும் வரும். அப்பா இறக்கி வச்சு ஒவ்வொண்டாக் காட்டுவார். வந்த சனமும் சும்மா பாக்காது, மார்க்ஸ் வாசிக்கும். மாமி ஒருத்தி என்ர நீச்சல் சேர்ட்டிபிகேட்டைப் பாத்திட்டு "ஐம்பது மீட்டர் இல்லையோ?" எண்டு கேட்டவ. அந்தச் சனத்துக்கு முன்னால ஒரு ஃபெயில்.

"எந்தப் பாடம்?"

"மருந்துக் கணக்கு. நீ வயித்துக்க, ஏழு மாசம்."

"அப்ப நான்தான் காரணம் எண்டுறியள்."

"ஓம், வேற ஆர்? சோதனை முழுக்க உதைச்சனீ." சிரிச்சா. பிறகு சிரிப்பு நிண்டிட்டுது. "இப்ப அதைக் கொண்டுபோய்க் குடுத்தா, இவவே ஃபெயில் விட்ட ஆள், இவவுக்கு என்ன டிகிரி எண்டு நினைப்பினம்."

"யூனிவர்சிட்டிக்கு ஃபோன் அடிச்சுக் கேளுங்கோ."

"நீ கேள்."

"நான் கேக்கமாட்டன். என்ர ஃபெயிலோ?"

என்னை ஒருக்கா முறைச்சா. பிறகு எடுத்தா. ஃபோன் கையில வந்தோடன அம்மாக்கு வோர்ட்டுக் குரல் வந்திட்டுது, நிமிர்ந்து இருந்தா. ஒரு பாடம் முதல்தரம் ஃபெயில், ரெண்டாந்தரம் பாஸ், அது பிரச்சினையோ எண்டு இங்கிலிஷில நேராக் கேட்டா. ஸ்பீக்கரில அந்தப் பக்கத்துப் பொம்பிளை ஒரு செக்கண்ட் கூட யோசிக்கேல்லை. பாஸ் பண்ணின கிரெடிட்டைத்தான் எண்ணுறவையாம், எத்தினையாம் தரம் எண்டு பாக்கிறேல்லையாம். ஆனா உங்கட கிரெடிட் பழசு, அதால இப்ப வோர்ட்டில என்ன புதுசாப் படிச்சியள், என்ன செய்யிறியள் எண்டு ஐந்நூறு சொல்லில உங்கட சொந்த எழுத்தில எழுதி அனுப்புங்கோ எண்டா. அவ்வளவுதான். மூண்டு நிமிசம். இருபது வருசமா உள்ளுக்க கிடந்த சாமானுக்கு மூண்டு நிமிசம்.

அம்மா ஃபோனை வச்சிட்டு, அப்பான்ர சேவ் எடுக்கிற பிளேட்டைக் கொண்டுவரச் சொன்னா. நான் வெட்டுறன் எண்டன். "நீ தள்ளு" எண்டா. தையல் பிரிக்கிற மாதிரி மூண்டு பக்க விளிம்பை ஒரே இழுப்பில கீறினா.

ரெண்டு தாளும் தன்ர பாட்டில விலகிச்சு.

பசை வெளிப்பக்கத்திலதான். உள்ளுக்க தாளும் தாளும் மட்டும். அந்தப் பக்கத்தில ஒரு பொட்டுப் பசை இல்லை, நேற்றுப் பிரிண்ட் எடுத்த மாதிரி இருந்தது. கெமிஸ்ட்ரி படிச்ச எனக்கு இது தோணேல்லை, சொல்ல வெக்கம். மொத்தம் இருநூற்றி நாப்பது எண்டு சீலோட கிடந்தது. மேல மருந்துக் கணக்கு, பக்கத்தில சின்னதா ஒரு ரெண்டு. அம்மா அதில விரலை வச்சுப் பாத்துக்கொண்டு இருந்தா.

அப்பா நெத்தி முழுக்கத் திருநீறோட வந்து நிண்டார். மேசையைப் பாத்தார், பிளேட்டைப் பாத்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சு, ஒரு எழுத்தும் போகேல்லை எண்டு கண்டோடன, "பாத்தியோ, எப்பிடி வச்சிருந்தனான்" எண்டார். பிறகு மெல்லமா, "ஸ்கான் எடுத்து முடியத் தா. திரும்ப ஒருக்கா…"

"வேண்டாம்!" எண்டு நானும் அம்மாவும் ஒண்டாக் கத்தினம்.

ஐந்நூறு சொல்லை நான் எழுதித் தாறன் எண்டு வியாழக்கிழமை விடியவே ஒரு சாம்பிள் அடிச்சன். தலைமைத்துவம், ஆர்வம், சவால் எண்டு எல்லாம் போட்டு. அம்மா வாசிச்சிட்டு, "ஆரடி இது? இவவை எனக்குத் தெரியாது" எண்டா. நாங்கள் இருக்கிற மனோர் பார்க்கில இருந்து வேலைக்குப் போற ட்ரெயினில, அண்டைக்கே போறபோக்கில பாதி, வாறபோக்கில பாதி எண்டு ஃபோனில தானே அடிச்சு முடிச்சா. வெள்ளி காலமை வாசிச்சுப் பாத்தன். "மருந்துக் கணக்கில நான் ஒருக்கா ஃபெயில் விட்டனான், அதால வோர்ட்டுக்கு வாற மாணவிகளுக்கு அதை முதல்ல சொல்லிப்போட்டுத்தான் பழக்கத் தொடங்குவன்", இதுதான் முதல் வசனம். மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறா. எங்கட மாமிமாருக்குத்தான் சொல்லேல்லை.

நான் ஒரு எழுத்தும் மாத்தேல்லை. மனேஜரின்ர கடிதத்தோட பதினொரு மணிக்கு அனுப்பினம்.

ரெண்டு கிழமையால இடம் கிடைச்சிட்டுது எண்டு இமெயில் வந்தது. அம்மா ஷிப்டில நிண்டவ, மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் பாத்தா. எனக்கு ஃபோனில ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினவ. சிஸ்டர் வேலைக்கும் விண்ணப்பம் போட்டாச்சு, டிகிரிக்குப் பதிஞ்ச ஆள் எண்டு ஃபோர்மில டிக் பண்ணி. இன்டர்வியூ இன்னும் வைக்கேல்லை.

இப்ப கிச்சினில இருந்து முதல் அசைன்மெண்ட் எழுதுறா, ரெண்டாயிரம் சொல்லில நானூற்றிப் பன்னிரண்டு முடிஞ்சுது.