இல்லாத பேரனுக்கு ஒரு சில்லா

தில்சோரா எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்து மூன்று மாதம்தான் வாழ்ந்தாள். அதற்கு முன் நமங்கான் நகரில் ஒரு தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வயது இருபது. கல்யாணமாகி மூன்றாம் வாரமே கணவன் சன்ஜார் கட்டட வேலைக்கு ரஷ்யா போய்விட்டான்.

விடியுமுன் தெருவைக் கூட்டுவது புது மருமகளின் வேலை. அடுத்த வாசல்காரியான நான் தினமும் பார்ப்பேன். பாதி கூட்டும்போதே துடைப்பத்தைப் போட்டுவிட்டு, முற்றத்துக் கோடியில் இருக்கும் கழிப்பறைக்கு ஓடுவாள். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை.

நாத்தனார் குல்ருக் விடமாட்டாள்.

"என்ன அண்ணி, அங்கதான் டவர் கிடைக்குதா, அண்ணன்கிட்ட பேச?"

மாமியார் லதோஃபத் அக்கா அதற்கு மேல். "எங்க காலத்துல வேலைக்குப் பயந்தா தலைவலின்னு படுப்பாளுங்க. இவ புது வழி கண்டுபிடிச்சிருக்கா!"

அந்தப் பெண் தலை குனிந்து சிரிப்பாள். அவளுடைய சித்தி மகளை "சீக்காளிப் பொண்ணு" என்று சொல்லி ஆறே மாதத்தில் புகுந்த வீட்டார் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தன்னையும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவளை வாய் திறக்கவிடவில்லை.

ஜனவரியில் ஒருநாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். தூக்கிய மாமியாரின் கையெல்லாம் ரத்தம்.

"என்னம்மா இது?"

"ரத்தம் போகுது அம்மா... ஒரு வாரமா."

எங்கிருந்து என்று சொல்ல நாக்கு எழவில்லை. மாமியாரிடம் போய் எந்தப் பெண் அதைச் சொல்வாள்? மெலிந்துபோன உடம்பில் மாதவிலக்கும் நின்றிருந்தது. லதோஃபத் அக்கா மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தவள்.

"ஐயோ, என் பேரன் போயிட்டானே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

அன்றே சில்லா வைத்தார்கள். பிள்ளை பெற்றவளையும் கருவை இழந்தவளையும் நாற்பது நாள் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காக்கும் வழக்கம். தலையணைக்கடியில் கத்தி, கதகதப்பான மெத்தை, செம்மறியாட்டு வால் கொழுப்பில் மாவு வறுத்துக் காய்ச்சிய கஞ்சி. கேலி செய்த குல்ருக் தெருவைக் கூட்டினாள். கரித்துக்கொட்டிய மாமியார் மடியில் போட்டுத் தலை கோதினாள்.

"நீ ஒண்ணும் கவலைப்படாத கண்ணு. வசந்தத்துல சன்ஜார் வருவான். மறுபடி உண்டாகும்."

பதினேழாம் நாள் நான் ரொட்டி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் நகமெல்லாம் மெழுகாக வெளுத்திருந்தது. மாமியார் தேநீர் எடுக்கப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முயஸ்ஸர் அக்கா, பிள்ளையெல்லாம் இல்ல. ரத்தம் பின்பக்கமாத்தான் போகுது. இன்னும் போகுது."

"அடிப் பாவி! சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அம்மா இப்போதான் அக்கா என்னைக் கண்ணுன்னு கூப்பிடுறாங்க." கண்ணீர் காதுவரை வழிந்தது. "சொல்ல மாட்டேன்னு ரொட்டி மேல சத்தியம் பண்ணுங்க. சில்லா முடிஞ்சதும் நானே டாக்டர்கிட்ட போறேன்."

நான் கொண்டுபோன ரொட்டியின் மேலேயே கை வைத்து, எங்களில் யாரும் மீறத் துணியாத அந்தச் சத்தியத்தைச் செய்தேன். இரண்டு நாள் அவர்கள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். ஆனாலும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவள் வயிறு பானையாக உப்பிக் காய்ச்சல் கொதித்தது. "கரு கலைஞ்ச பொண்ணு" என்று மாமியார் சொன்னதால் ஆம்புலன்ஸ் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே அரை நாள். பிறகு சீதபேதி என்று தொற்றுநோய்ப் பிரிவில் ஓர் இரவு. அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது பெருங்குடல் புண்ணாகி, ஓரிடத்தில் கிழிந்தே போயிருந்தது. மறுநாள் மாலை போய்விட்டாள்.

நடைபாதையில் லதோஃபத் அக்கா மருத்துவரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பிள்ளையும் எனக்கு வேண்டாம் டாக்டர்! மருமக இருந்தாப் போதும்னு நெனச்சேனே!"

"அவங்க கர்ப்பமாவே இல்லம்மா," என்றார் அவர். "இது குடல் நோய். முன்னல்லாம் புத்தகத்துலதான் படிச்சோம். இப்போ இந்த ஊர்ப் பிள்ளைங்களே மாசத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்க. நாங்களும் முதல்ல சீதபேதின்னுதான் நெனைக்கிறோம். ஒரு வாரம் முன்னால வந்திருந்தாக்கூட..."

சில்லா முடிந்திருக்க வேண்டிய நாளில் லதோஃபத் அக்கா கையில் துடைப்பத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். தெருவை இப்போது அவள்தான் கூட்டுகிறாள்.

"உன்கிட்ட அவ மனசு விட்டுப் பேசுவாளே, முயஸ்ஸர். ஏதாவது சொன்னாளா?"

அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது.

"இல்லக்கா," என்றேன். "என்கிட்ட ஒண்ணும் சொல்லல."