பாரிட்டி சரி

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து ஈரோட்டுச் சாயப்பட்டறைக்குச் சாய அளவுகளை டெலிபோன் லைன் வழியாக மோடத்தில் அனுப்புவது என் வேலை. ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் 0, 1 என்ற பிட்களாகப் போகும்; கூடவே பாரிட்டி என்ற சரிபார்ப்பு பிட் ஒன்றும் போகும். வழியில் லைன் இரைச்சலால் ஒரு பிட் மாறினால் அது காட்டிக் கொடுத்துவிடும்; இரண்டு பிட் சேர்ந்து மாறினால் ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் காலை 10.20-க்கு நான் 1 கிலோ என்று அனுப்பிய நீலச்சாயத்தை அங்கே 2 கிலோ போட்டுவிட்டார்கள். இளநீல நூல் கருநீலமாகிவிட்டது. முதலாளி சாய மாஸ்டரை என் மேசைக்கே கூட்டிவந்தார்.

“ஸ்க்ரீன்ல ரெண்டுன்னுதானுங்க இருந்துச்சு,” என்றார் மாஸ்டர்.

“அப்ப மெசினு பொய் சொல்லுதாக்கும்?” என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். “லைன்ல ஏதாச்சும் தப்பு வந்துச்சுங்களா?”

1-க்கும் 2-க்கும் இரண்டே பிட்தான் வித்தியாசம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மோடம் வாங்கச் சொன்னவன் நான்.

“பாரிட்டி சரியா இருக்குதுங்க,” என்றேன்.

“சரி, வாரேனுங்க,” என்று கிளம்பிய மாஸ்டர் மறுநாள் முதல் வேலையில் இல்லை.

அன்றைய டைரியில், ‘காலை 10.20, லைனில் இரைச்சல்’ என்று என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது.