கண்மை மீசை

பழங்காநத்தத்தில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், பள்ளி மாறுவேடப் போட்டிக்கு எனக்கு வேடம் முடிவு செய்தவர் மாமா. தேசத் தலைவர்களாக எப்படியும் எட்டுப் பேர் வருவார்கள், நடுவர்களுக்குச் சலித்துப்போகும் என்பது அவர் கணக்கு. ஆகவே ஜெர்மனியை ஆண்ட கொடுங்கோலனாக நான் போவதென்று தீர்மானமாயிற்று. கூட்டங்கூட்டமாக மனிதர்களைக் கொன்றவன் என்று மாமா சொன்னபோது, அவன் எப்படிப்பட்ட மனிதன் என்று கேட்டேன்.

"மனுசனா அவன்? அரக்கன். நீ சும்மா மொறச்சுக்கிட்டு நின்னா போதும்."

அப்பாவின் காக்கிச் சட்டை, மாமாவின் பெல்ட், மூக்குக்குக் கீழே அம்மாவின் கண்மையால் ஒரு சதுர மீசை.

மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் வேடமிட்ட பிள்ளைகளின் இரைச்சல் தாங்கவில்லை. டீச்சர் என் மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் இவர்களைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனார். எனக்கு ஒழுங்கு பிடிக்கும். எல்லாரையும் உயரவாரியாக நிறுத்தினேன். நின்றார்கள். பேசக்கூடாது என்றேன். பேசவில்லை. அவ்வளவு நிம்மதியான பத்து நிமிடங்கள் அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை.

சித்தி மகள் எல்.கே.ஜி. படித்தாள். மீனாட்சி வேடம், கையில் பச்சைத் துணிக் கிளி. கிளி கீழே விழுந்து உருள, எடுப்பதற்காக வரிசையை விட்டு நகர்ந்தாள்.

"செவத்தப் பாத்து நில்லு. நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது" என்றேன். கிளியை எடுத்து மேசைமேல் நேராக வைத்தேன்.

அதற்குள் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன், முறைத்தேன், கைதட்டினார்கள். இறங்கி நேரே மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவளை மறந்தே போயிருந்தேன். ஒலிபெருக்கியில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறைதான் எனக்குச் சுரீரென்றது. அப்போதும் எழுந்து போகவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

சித்தி உள்ளே ஓடிப் பார்த்தபோது அவள் சுவரைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். பட்டுப்பாவாடை நனைந்திருந்தது. "அக்கா இன்னும் திரும்பச் சொல்லல" என்றாளாம்.

மாமாவுக்குச் சிரிப்பு. "பாத்தியாக்கா, ஒம்மக வேசத்துக்குள்ளயே குடிபோயிட்டா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. சித்தி மகளைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு மீசையை அழித்தாள். திட்டவேயில்லை. அந்தத் தைரியத்தில், அவன் அரக்கன்தானேம்மா என்று கேட்டேன்.

"இல்ல, மனுசன்தான்" என்றாள். "அவனுக்கும் அவுக அம்மா இப்படி மூஞ்சியத் தொடச்சு விட்டிருப்பாக."

அன்றைய டைரிப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மாறுவேடப் போட்டி. இரண்டாம் பரிசு. சோப்பு டப்பா, நீல நிறம். கையெழுத்து அழகாகவே இருக்கிறது. கிளியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மீசை முழுதாக அழிந்த பிறகும் அம்மா என் முகவாயை விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கேயோ இன்னும் கொஞ்சம் மை ஒட்டியிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.