பிள்ளைக் காம்பராவில் ஓடிய கெசட்

பிள்ளை அழுதால் நான் முதலில் துணி ஈரமா என்று பார்ப்பேன், அப்புறம் வயிற்றைத் தட்டிப் பார்ப்பேன், அதற்கு மேல் எவளாவது காத்து, கருப்பு, கண்ணூறு என்று ஆரம்பித்தால், "போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்று விரட்டிவிடுவேன். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவள் நான். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. அத்தனை வருஷத்தில் ஒரு பேயும் என் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த சாந்தி, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகள் கவிதாவுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. புருஷன் ராஜு தேயிலை பெக்டரிக்குப் போகிற வழியில் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவான். அம்மா போன நாளிலிருந்து அது சாப்பிட வாய் திறக்கவில்லை. பால்மா கரைத்துக் கொடுத்தால் துப்பும், சோற்றைப் பிசைந்து கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்ளும், மற்றப் பிள்ளைகள் தூங்கும்போது இது மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழும். என் கண்ணெதிரே எலும்பாகிக்கொண்டு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் நிறுத்துப் பார்த்தவர், இன்னும் குறைந்தால் பதுளை ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும், அப்போதும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

நான் ராஜுவைப் பிடித்துக்கொண்டேன். "சாந்திக்கிட்ட சொல்லுங்க. பெத்தவளுக்குத் தெரியாம புள்ளைய சாகக் குடுக்கப் போறீங்களா?"

"ஐயோ, சொல்லிராதீங்கக்கா. கேட்டா அடுத்த நிமிஷமே அழுதுகிட்டு வந்துருவா. அனுப்பி வச்ச ஏஜென்சிக்காரன் என்னைய உரிச்சுப்புடுவான்" என்றான். பதுளையில் கொமினிகேஷன் கடைக்குப் போய் அவளோடு போனில் பேசும்போதெல்லாம், புள்ள கொழுகொழுன்னு இருக்கு என்றே சொல்லிவிட்டு வருவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் வேலை செய்கிற வீட்டுப் போன் நம்பர் அவனிடம்தான் இருந்தது, நான் என்ன செய்ய?

அந்த நேரத்தில்தான் என் தம்பி சேகர் ஒரு பாட்டுக் கெசட் கொண்டுவந்து கொடுத்தான். அவன் பதுளை டவுனில் சீடியும் கேமும் வாடகைக்கு விடுகிற கடையில் வேலைக்கு நின்றான். காம்பராவில் இருந்த ரேடியோ செட்டில் போட்டுப் பார்த்தேன், ஒரு சொல் இல்லை, வெறும் இசை.

"என்னடா இது, பாடுறவனுக்கு பல்லு வலியா?"

"வீடியோ கேம்ல வர்ற மியூசிக் அக்கா. வெளிநாட்டுல இத தனி அல்பமாவே விக்கிறாங்க. அந்த சீடியிலருந்து ஒனக்கு பதிஞ்சு கொண்டாந்தேன்."

விளையாட்டை விளையாடாமல் அதன் பாட்டை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறவனும் இருக்கிறானா என்று சிரித்தேன். ஆனால் மூடுபனி இறங்கினால் எங்கள் பக்கம் ரேடியோ இழுக்காது, பிள்ளைகளைப் படுக்க வைக்க ஏதாவது சத்தம் வேண்டும், சரி கிடக்கட்டும் என்று மத்தியானத்தில் அதையே போட ஆரம்பித்தேன்.

அதில் ஒரு பாட்டு, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மாதிரி மெதுவாகப் போகும். அதற்கு அடியில் ஒரு பெண் வாய் திறக்காமல் முனகிக்கொண்டிருப்பாள். முதல் நாள் அது வந்ததும் கவிதா அழுகையை நிறுத்தியது. தத்தித் தத்தி வந்து செட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப் போனது. எழும்பியதும் இரண்டு வாய் சோறு வாங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மத்தியானமும் அந்தக் கெசட்டை நான் தவறவிட்டதில்லை.

ஆனால் கொஞ்ச நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. வெளியே பனி கதவு வரைக்கும் வந்து நின்றது. மற்றப் பிள்ளைகள் தூக்கம். கவிதா என் மடியில் அனலாகக் கிடக்கிறது, கெசட்டில் அந்தப் பெண் முனகுகிறாள். எனக்கு எங்கிருந்துதான் அழுகை வந்ததோ, சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "ஒங்கம்மா எங்கடி போனா? சாந்தி, வந்துருடி. ஒம் புள்ள தேஞ்சுக்கிட்டே போவுதுடி."

நம்பினால் நம்புங்கள், முனகல் நின்றது. இசை நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போகிறது, குரல் மட்டும் நின்றது, யாரோ காது கொடுத்துக் கேட்பது மாதிரி. பிறகு மெல்ல மறுபடியும் ஆரம்பித்தது. டேப் சிக்கியிருக்கும் என்று பின்னால் சுற்றி மறுபடி போட்டேன். இந்த முறை எங்கேயும் நிற்காமல் ஓடியது.

தம்பியிடம் கேட்டேன். "எந்தப் பொம்பள? அதுல கொரலே கெடையாதேக்கா" என்றான். நானும் விடவில்லை, கடைக்கே போய் உட்கார்ந்து அந்தச் சீடியைப் போடச் சொல்லிக் கேட்டேன். குரல் இல்லை. கையோடு கொண்டுபோன கெசட்டையும் போட்டோம். அதிலும் இல்லை. "நீயும் கொஞ்சம் தூங்குக்கா" என்றான் சேகர். மறுநாள் காம்பராவில் போட்டேன், அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் ஆகியிருக்காது. ஒரு மத்தியானம் கெசட் ஓடிக்கொண்டிருக்கும்போது, பெரிய பையைத் தூக்கிக்கொண்டு சாந்தி வாசலில் வந்து நின்றாள். லயத்துக்குக்கூடப் போகவில்லை, நேரே இங்கே. பையைக் கீழே போட்டுப் பிள்ளையை வாரி எடுத்தாள். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விஷயம் கேள்விப்பட்டு பெக்டரியிலிருந்து ஓடிவந்த ராஜு என்னை முறைத்தான். "யாரு இவளுக்கு சொன்னது?"

சாந்தி அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. செட்டைப் பார்த்தாள். "இந்தப் பாட்டு இங்கயும் ஓடுதா? அந்த வீட்டுப் பசங்க நாள் முழுக்க கேம் வெளையாடுவானுங்க, இந்தப் பாட்டுதான் திரும்பத் திரும்ப ஓடும். நான் பக்கத்து ரூம்ல துணி தேச்சுக்கிட்டு இருப்பேன். ஒரு நாள் அதுக்குள்ளருந்து நீங்க கூப்பிட்டீங்கக்கா. சாந்தி, வந்துருடி, ஒம் புள்ள தேஞ்சுக்கிட்டே போவுதுடின்னு. அன்னைலருந்து அழுது அடம் பிடிச்சு, மேடம் தொல்லை தாங்காம டிக்கட் போட்டுக் குடுத்துட்டா."

ராஜு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பயம் வரவில்லை, ஏதோ கணக்குச் சரியாக வந்தது மாதிரி ஒரு நிம்மதி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நீ பாடுனதும் எனக்குக் கேட்டுச்சுடி. தெனமும் கேட்டுச்சு. அதக் கேட்டுத்தான் புள்ள தூங்குச்சு."

சாந்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நானா? அந்த வீட்டுல வாயத் தொறந்தா மேடம் அடிக்க வருவா. நான் எங்கக்கா பாடுனேன்? அந்தப் பாட்டுக்கு அடியில தெனமும் முனகுனது நீங்கதான? எம் புள்ளைய நீங்க பாடித் தூங்க வைக்கிறீங்கன்னு நெனச்சுத்தான் அங்க நாளப் போக்குனேன்."

எனக்காவது, பாட்டாவது! நான் வாயைத் திறந்தால் தூங்குகிற பிள்ளையும் எழும்பிவிடும். எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை, நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கும் தீபாவளிக்கு, வளர்ந்து நிற்கிற கவிதாவையும் கூட்டிக்கொண்டு பலகாரத் தட்டோடு வருவாள், "இது எம் புள்ளைக்குப் பாடுனதுக்கு" என்பாள். நானும் வாங்கி வைக்கிறேன். ஆனால் அதில் ஒன்றை எடுத்து வாயில் போட மட்டும் இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை, அது பாடியவள் எவளோ அவளுக்குப் போக வேண்டியது, எனக்கு வர வேண்டியது இல்லையே.