ஆஜர் அக்கா போட்ட நீண்ட லீவு

சோப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் அவளுக்கு 'ஆஜர் அக்கா' என்று பெயர். ஒன்பது வருடத்தில் உடம்புக்கு முடியாமல் அவள் எடுத்த விடுப்பு மொத்தம் நான்கு நாள்.

பெல்ட்டில் வரும் சோப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியைத் தூக்கி, இடுப்பைத் திருப்பிப் பின்னால் இருக்கும் மேடையில் வைக்க வேண்டும். வரிசைக்கு நான்கு பேர். ஒருத்தி வராவிட்டால் மற்ற மூவர் தலையில் வேலை விழும். மறுநாள் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அதனால் காய்ச்சல்காரியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வருவாள். அந்த வாரமே நான்கு பேரும் படுப்பார்கள்.

மழை தொடங்கிய மாதத்தில் அக்காவுக்கு இடுப்பில் சுருக்கென்றது. ஒரு நாள் லீவு போட்டாள். வலி பாதி குறைந்ததும் ஓடினாள். பத்து நாளில் மறுபடி ஒரு நாள். அது திங்கட்கிழமையாக அமைந்துவிட்டது.

சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "என்னக்கா, திங்கக்கிழமை வியாதி உங்களையும் தொத்திக்கிச்சா?"

அது கிண்டலா, எச்சரிக்கையா என்று அன்று முழுவதும் அவள் மனம் அடித்துக்கொண்டது. அதன் பிறகு மாத்திரையை விழுங்கிக்கொண்டே பெட்டி தூக்கினாள். மூன்றாவது வாரம் ஒரு காலையில் பாயை விட்டு எழ முடியவில்லை. இடது கால் மரத்துப் போயிருந்தது.

டாக்டர் ஒரு மாதம் ஓய்வு என்று எழுதினார்.

"ஒரு வாரமாக் குறைச்சு எழுதுங்க டாக்டர்."

"பேரம் பேச இது என்னம்மா, கத்திரிக்காயா? அப்பவே நாலு நாள் ஒழுங்காப் படுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

வீட்டில் படுத்திருந்தது ஓய்வாகவே இல்லை. ஷிஃப்ட் நேரம் வந்தால் கை ஃபோனைத் தேடும். கணவர் வேன் ஓட்டப் புறப்படும்போது சொல்வார்: "ஃபோனையே முறைச்சுக்கிட்டு இருக்காத. அது முட்டை போடாது."

பக்கத்து மேடைக்காரி ஒரு நாள் கூப்பிட்டாள். "உன் இடத்துல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. நல்ல கைவேகம்." ஆறுதலாகத்தான் சொன்னாள். ஃபோனை வைத்ததும் அக்கா லீவு முடிய இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டியது சூப்பர்வைசர். வேலை போயிற்று என்றே நினைத்தாள். நன்றாக இருப்பதாகக் காட்ட, சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"டாக்டர் சீட்டு இருக்கு சார், எடுத்துத் தரேன்."

"சீட்டு வேணாம்க்கா. உக்காருங்க." அவர் தரையைப் பார்த்தார். "அந்த டாக்டர் எங்க இருக்கார்னு சொல்லுங்க, போதும்."

மூன்று மாதமாக அவருடைய வலது கை மரத்துப் போகிறதாம். டீ டம்ளரை இரண்டு முறை கீழே போட்டிருக்கிறார்.

"லீவு போட்டுக் காட்ட வேண்டியதுதானே?"

"உங்க எல்லாரையும் கேள்வி கேட்டவன் நான். நானே போட்டா மேல இருக்கிறவங்க சும்மா விடுவாங்களா?"

அக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது. முகவரியைச் சொன்னாள்.

"நாளைக்கே போங்க சார். திங்கக்கிழமைதான், பரவாயில்ல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் போனார், இரண்டு வாரம் விடுப்பும் எடுத்தார்.

அக்கா ஐந்தாவது வாரம் வேலைக்குத் திரும்பினாள். இடம் போகவில்லை. புதுப்பெண்ணும் வரிசையில் நிலைத்ததால் இப்போது ஐந்து பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒருத்தி உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறாள். சூப்பர்வைசர்தான் மேலே பேசி அந்த ஏற்பாட்டை வாங்கினார் என்று கேள்வி. அவரிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் பயம் விட்டபாடில்லை. காலையில் கண் விழித்ததும் இடது கால் விரல்களை மடக்கிப் பார்க்கிறாள். மடங்கினால்தான் மூச்சு வருகிறது.